அக்கா ஊட்டிய கவளம்

எனக்கு வாய் நீளம். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு ஆயுசு உட்கார்ந்தவள் நான். நினைத்த ஊருக்கு நினைத்த நேரத்தில் டயல் செய்து பேசும் வசதி வருவதற்கு முன்னால், வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இணைப்புக் கொடுத்து மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் புகுந்து, “மூணு நிமிஷம் ஆச்சு” என்று குரல் கொடுப்போம். கல்யாணம் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, சாவுச் செய்தி சொல்லி அழுதுகொண்டிருந்தாலும் சரி, என் குரல் வந்துவிடும். அப்படிப் புகுந்து புகுந்தே, ரிட்டயரான பிறகும் யார் பேச்சிலும் நடுவில் நுழையாமல் இருக்க முடியாதவளாகிவிட்டேன்.

அக்கா நேர் எதிர். கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வீட்டில் அவள் இருக்கிற சத்தமே கேட்காது. அவள் வீட்டுக்காரரும் போய்விட்டார், என் வீட்டுக்காரரும் போய்விட்டார். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. என் ஒரே மகள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தாள். மயிலாப்பூரிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற சந்து ஒன்றில், அப்பா கட்டிய வீட்டில், அக்காவும் நானும் சேர்ந்து குடியிருந்தோம். சேர்ந்து என்றால் சண்டை போட்டுக்கொண்டு. சண்டையில் என் பங்குதான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோபாலபுரத்தில் ஓய்வு பெற்றவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. மாதம் ஒரு கூட்டம், யாருக்காவது இரங்கல், பிறகு காபி, அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு பொங்கல் சமயம் யாருக்கோ நல்ல யோசனை தோன்றியது. வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையில் படிக்கிற பிள்ளைகள் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கிடக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையை ஞாயிறு மதியம் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடலாமே என்று. பிள்ளைகளையும் கூட்டத்துக்கு வரவழைத்தார்கள். அமெரிக்கப் பெண் ஒருத்தியும் ஜெர்மன் பையன்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அப்படியொரு போட்டி. காபி டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்ற எத்தியோப்பியப் பையனை யாரும் கேட்கவில்லை. நெட்டையாக, ஒல்லியாக, துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் நின்றான். செயலாளர் மாமா தர்மசங்கடத்துடன் எங்களிடம் வந்து, “எங்காத்துல வெங்காயம்கூட சேக்கறதில்லே, அந்தப் பிள்ளைக்கு என்னத்தைப் போடறது? நீங்க நான்வெஜ்ஜெல்லாம் பண்ணுவேளே” என்று இழுத்தார்.

நான் அவருக்குச் சுடச்சுட ஒன்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“அந்தத் தம்பி எங்க வீட்டுக்கே வரட்டும்.”

அந்தச் சங்கத்தில் அக்கா வாய்விட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் அடையாறில் ஹாஸ்டலில் தங்கி, நிலத்தடி நீரைப் பற்றி மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். முதல் ஞாயிறு அவன் வந்து இறங்கிய நேரம், சந்தில் தண்ணீர் லாரி. நிலத்தடி நீரைப் படிக்க இந்த ஊருக்கு வந்தானே என்று எனக்குச் சிரிப்பு. நான் குடத்தோடு வரிசையில் நின்று யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஒன்றும் கேட்காமல் குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். வரிசை மொத்தமும் வாயைப் பிளந்தது. எங்கள் சந்து முனையில் மீன் விற்கிற அம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

“இன்னா நைனா, எந்த ஊரு நீ? இந்த அம்மா பேசிக்கினே கீதே, நீ கண்டுக்காத.”

அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்றாலும் சிரித்தான். எங்களைப் பெரியம்மா, சித்தி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்ததும் அந்த அம்மாதான். அதற்கப்புறம் எங்களுக்கு வேறு பெயர் இல்லை. மற்றபடி நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்.

இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிட்டான். ஹாஸ்டலில் போன் வந்தால் வாட்ச்மேன் எடுத்து, “ஆள் இல்லை” என்று வைத்துவிடுகிறானாம். எங்கள் வீட்டு நம்பரை ஊரில் அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். இதற்கென்ன கேள்வி என்றேன். அதிலிருந்து ஞாயிறு தவறாமல், மதியச் சாப்பாடு ஆகி வெற்றிலை போடும் நேரத்துக்கு அந்த போன் வரும். அவன் அம்மா அங்கே தபாலாபீஸ் மாதிரி ஓர் இடத்தில் வரிசையில் நின்று பேசுகிறவள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் நாலு வார்த்தை இருந்தால் அதிகம். நான் எடுத்து ஹலோ சொல்வேன், அவள் மகன் பெயரைச் சொல்வாள், நான் ரிசீவரைக் கொடுப்பேன். பிறகு பக்கத்திலேயே நின்றுகொண்டு மூன்று நிமிஷம் ஆனதும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவேன். பாவம் அந்த அம்மா, எவ்வளவு செலவழியும் அங்கே! அவனும் சிரித்துக்கொண்டே சீக்கிரம் முடித்துவிடுவான். அக்காதான், “ஏண்டி, தாயும் புள்ளையும் பேசுறப்ப உனக்கென்ன அங்க வேலை?” என்று கடிந்துகொள்வாள்.

ஒரு ஞாயிறு வஞ்சிர மீன் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே அவன் தன் வீட்டுப் பழக்கத்தைச் சொன்னான். அங்கே எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். பிரியமானவருக்குத் தன் கையால் ஒரு கவளம் எடுத்து வாயில் ஊட்டுவார்களாம். அப்படி நீட்டிய கையை யாரும் மறுக்கமாட்டார்கள், மறுத்தால் உன் அன்பு வேண்டாம் என்று சொன்ன மாதிரி என்றான். சொன்னதோடு நிறுத்தவில்லை. சோற்றைக் குழம்பில் பிசைந்து, முள் பார்த்து மீனை வைத்து, உருண்டையாக உருட்டி அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினான்.

அக்கா எச்சில் பார்க்கிறவள். என் டம்ளரில்கூடத் தண்ணீர் குடிக்கமாட்டாள். சரி, இன்றைக்குப் பையன் மூக்குடையப் போகிறான் என்று நான் நினைத்தேன். அவள் அவனையே பார்த்தாள், பிறகு சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மென்றுகொண்டே எழுந்து அடுப்படிக்குப் போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காரம் என்றாள். அன்று குழம்பில் காரமே இல்லை, நான்தான் வைத்தேன். எங்கள் அம்மா போன பிறகு அவளுக்கு யார் ஊட்டியிருக்கிறார்கள்?

கிளம்பும்போது அவன் அக்காவிடம், அடுத்தது உங்கள் முறை பெரியம்மா, என்றைக்காவது நீங்கள் எனக்குத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. சாம்பல் புதனிலிருந்து அக்கா கறி மீன் தொடமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருந்து ஒரே வேளை சாப்பிடுவாள். நான் ஒவ்வொரு வருஷமும் சண்டையை விடுவதாக நேர்ந்துகொள்வேன், அது வியாழக்கிழமை வரைக்கும் தாங்கும். அந்த வாரமே அவனும் வந்து, தனக்கும் ஈஸ்டர் நோன்பு தொடங்கிவிட்டது என்றான். அவன் இருந்தது எங்களைப் போல விளையாட்டு நோன்பில்லை. கறி இல்லை, முட்டை இல்லை, பால், தயிர், நெய் எதுவுமில்லை. ஞாயிறுகூட விலக்கில்லை. அவனும் கிறிஸ்தவன்தான், எங்களைவிட ரொம்பப் பழைய கிறிஸ்தவன் என்று அக்காவுக்கு அவன்மேல் ஒரே மரியாதை. ஞாயிறு தோறும் எண்ணெயில் தாளித்த சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் செய்து போட்டாள்.

அப்போதுதான் அவன் தம்பியைப் பற்றியும் சொன்னான். அவர்கள் நாட்டு எல்லையில் சண்டை மூண்டிருந்தது. பத்தொன்பது வயதுத் தம்பி பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போனவன், ஒரு தகவலும் இல்லை. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்வது அதைத்தானாம், இன்றும் தகவல் இல்லை என்று. தம்பி உயிரோடு வர வேண்டும் என்று தாயும் மகனும் இந்த வருஷ நோன்பை ஒரு பருக்கை பிசகாமல் முடிப்பதாக நேர்ந்திருந்தார்கள். அம்மா முதலில் கேட்பதே நோன்பைத்தான் என்றான். அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுடைய செபமாலையில் அந்தத் தம்பியும் சேர்ந்துகொண்டான்.

“ஈஸ்டர் அன்னைக்கு நோன்பை நம்ம வீட்டுலதான் முடிக்கணும்” என்று அக்கா சொன்னாள். அவனும் சந்தோஷமாகச் சரி என்றான்.

எங்கள் ஈஸ்டர் வந்தது. முந்தின இரவு பூசைக்குப் போய்வந்த அலுப்பைக்கூடப் பார்க்காமல், அக்கா காலையிலேயே கறிக்கடையில் நின்று தொடைக்கறியாகப் பார்த்து வாங்கிவந்தாள். பிரியாணி மணம் சந்து முனை வரைக்கும் போய், மீன்கார அம்மாவே எட்டிப்பார்த்து ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனாள். மதியம் அவன் வந்தான். விரலில் தென்னங்குருத்தால் முடைந்த மோதிரம் போட்டிருந்தான். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு எங்களுக்குப் போன வாரமே முடிந்துவிட்டது. போன வாரத்து ஓலையை இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறானே, என்ன பக்தி பார் என்று அக்கா என் காதைக் கடித்தாள். ஓலை பச்சையாக இருந்ததை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

அவன் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், அக்கா பிரியாணிப் பாத்திரத்தோடு வந்தாள். தட்டில் போடக்கூட இல்லை. கறித்துண்டோடு ஒரு கவளம் எடுத்து ஊதி ஆற்றி, அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. இத்தனை வாரமாக இதற்காகவே காத்திருந்தாள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான். முகம் வெளிறியது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தான். வாங்கிக்கொண்டு, மெதுவாக மென்று விழுங்கினான்.

அக்கா பூரித்துப்போய், அவன் தட்டிலும் அள்ளிப் போட்டுவிட்டுத் தயிர்ப் பச்சடி எடுத்துவர உள்ளே போனாள். அவன் தட்டில் போட்டதைத் தொடவில்லை. சரியாக அந்த நேரம் போன் அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. மணி அடிக்கிற போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு முடியாத காரியம். என்னடா தம்பி, அம்மாதானே என்றேன். எடுக்கமாட்டேன் என்று தலையை ஆட்டினான். அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

“சித்தி, நான் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நோன்பு இருக்கிறாயா என்று கேட்பாள். என்னால் பொய் சொல்ல முடியாது.”

“நோன்புதான் முடிஞ்சிடுச்சே?”

“உங்களுக்கு முடிந்துவிட்டது. எங்களுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர்.”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏசு ஒருவர்தானே, அவர் ஒரு நாள்தானே உயிர்த்தார்! அவர்கள் சபையின் கணக்கு வேறாம், அங்கே அன்றுதான் குருத்தோலை ஞாயிறாம். இது எங்களுக்குத் தெரியும் என்று அவன் நினைத்திருக்கிறான். எங்கள் பண்டிகைக்குக் கூப்பிடுகிறார்கள், தனக்கு வழக்கம்போலச் சாம்பார் இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறான். உலகத்தில் எல்லோருக்கும் ஒரே ஈஸ்டர் என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். இந்துக்களோ முஸ்லிம்களோ கூப்பிட்டிருந்தால்கூட என்றைக்கு உன் பண்டிகை என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். நம்ம வேதம்தானே என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். அவன் தட்டைப் பார்த்தபடி, “பெரியம்மா கையை நீட்டிவிட்டார்களே” என்றான். திரும்பினால் அக்கா பச்சடிக் கிண்ணத்தோடு அடுப்படி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

போன் விடாமல் அடித்தது. நான்தான் எடுத்தேன். அவள் மகன் பெயரைச் சொன்னாள். என்ன பாஷையில் என்ன சொல்ல? “சண்டே, நெக்ஸ்ட் சண்டே” என்றேன். அவளும் “சண்டே” என்று என்னைப் போலவே சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தக் குரலில் இருந்த பயத்தைத் தெரிந்துகொள்ள எனக்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை.

அவன் போன பிறகு அக்கா பிரியாணியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மீன்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவன் தம்பிக்கு எல்லையில் ஏதாவது ஆகிவிட்டால் அது என் கையால்தான் என்றாள். பைத்தியக்காரி மாதிரிப் பேசாதே, கடவுள் என்ன உன் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸா என்று கேட்டேன். மறுநாள் காலை காபியைத் தொடவில்லை. அவன் விட்ட இடத்திலிருந்து நான் பிடித்துக்கொள்கிறேன், அடுத்த ஞாயிறு வரை அவன் நோன்பு என் நோன்பு என்றாள்.

அவளுக்கு சுகர். வேளைக்கு மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு. அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த சண்டையை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது. கடைசியில், பால், நெய், கறி வேண்டாம், ஆனால் வேளை தப்பாமல் கஞ்சி என்று சமாதானமானோம். நானும் அந்த வாரம் கறுப்புக் காபிதான் குடித்தேன். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. அவள் எதிரே உட்கார்ந்து பால் காபி குடிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஹாஸ்டலுக்குப் போன் செய்தால் வாட்ச்மேன், “ஆள் இல்லை” என்றான். வருவானா மாட்டானா என்றே தெரியாமல், அடுத்த ஞாயிறு அக்கா மறுபடியும் அதே கடையில் கறி வாங்கி வந்தாள்.

வந்தான். அவர்கள் ஈஸ்டருக்கென்று தோளில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தான். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, இங்கேதான் முடிப்பதாகச் சொன்னேனே என்றான். அக்கா கரண்டியால் பரிமாறிவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள். அவன், அம்மா பேசட்டும், பிறகு சாப்பிடுகிறேன் என்றான். தட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மணி அடித்ததும் அவனே எடுத்தான். எடுத்த எடுப்பில் அவன்தான் பேசினான், குரல் தாழ்ந்து, நிறுத்தி நிறுத்தி. கவளத்தைப் பற்றித்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தான். அந்தப் பக்கம் அவள் பேச ஆரம்பித்தாள். பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

அவன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே எங்களிடம் சொன்னான். தம்பி உயிரோடு இருக்கிறான். வடக்கே ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு கையிலும் பெரிய கட்டு, விரல்கள் பிழைக்குமா என்று இன்னும் தெரியாது. ஆனால் உயிருக்குப் பயமில்லை.

“அம்மா என்ன சொன்னாங்க? அந்தக் கவளத்துக்கு?” என்று அக்கா கேட்டாள்.

“நீ வாயை மூடியிருந்தால்தான் கோபித்திருப்பேன் என்கிறாள்.”

அக்கா அதைக் கேட்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வேறு கவலை வந்துவிட்டிருந்தது.

“ரெண்டு கையும் கட்டுன்னா, எப்படிப்பா சாப்பிடுறான்?”

அவன் அதை அம்மாவிடம் கேட்டான். பதில் வந்தது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அந்த ஊரில் யாரோ ஒரு வயதான அம்மாவாம். சொந்தம் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊட்டிவிட்டுப் போகிறார்களாம். அவனுக்கு மட்டுமில்லை, கை அடிபட்ட பையன்களுக்கெல்லாம்.”

அக்கா போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆறிப்போன தட்டிலிருந்து பெரிய கவளமாக எடுத்து, தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். அவன் வாய் நிறைய வாங்கிக்கொண்டான். பிறகு அக்கா இடது கையால் ரிசீவரை அவனிடமிருந்து வாங்கி, தமிழில் ஒரு வார்த்தை தெரியாத அந்த அம்மாவிடம் சொன்னாள்.

“சாப்பிட்டாம்மா. உம் புள்ள சாப்பிட்டான்.”

அந்தப் பக்கத்திலிருந்து அவள் ஏதோ சொன்னாள். இவள், “ஆமாம்மா, ஆமா” என்றாள். மறுபடி அவள் சொன்னாள், மறுபடி இவள் தலையை ஆட்டினாள். மூன்று நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது, எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறக்கவில்லை.